கடைசி ரீல் வராத படம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் நடந்த சண்டையை நானும் வாய்மூடிப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வருகிற படங்களை மனுஷி பார்ப்பாளா என்று ஒருத்தி எழுதினாள். பழைய படம் போட்டால் என் பேரன் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறான் என்று இன்னொருத்தி பதில் போட்டாள். சினிமா செத்துப்போய்விட்டது என்று மூன்று பேர் அடித்துச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே சண்டையை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், பதினோரு வயதில் ஆண்டாள் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் சினிமா செத்துத்தான் போயிருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு கல்யாணம் முறியப் பார்த்தது. காரணம், ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டருக்கு வராமலே போன ஒரு ரீல். அப்படி ஒரு ரீல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பாவுக்கு நூற்பு மில்லில் ஷிப்ட் வேலை. பரீட்சை முடிந்த மறுநாளே என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மாமா வக்கீல் குமாஸ்தா. பால்காரர் நேற்று அரைப்படி ஊற்றினேன் என்று சொன்னால்கூட, "சாட்சி உண்டா?" என்று கேட்கிற மனிதர். அந்த வீட்டில்தான் என் சித்தியும் இருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை.

சித்தி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். அவளுடைய விரல்கள் சும்மா இருக்காது. சோறு வெந்துகொண்டிருக்கும்போது அம்மிக்கல்லில் தட்டுவாள். மத்தியானம் பாயில் பக்கத்தில் படுத்தால் என் முதுகில் டைப் அடிப்பாள். வரி முடிந்ததும் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு ஒரு இழுப்பு இழுப்பாள். "என்ன அடிச்சீக சித்தி?" என்று கேட்டால், "ஐயா, வணக்கம்" என்பாள். எப்போதும் அது ஏதாவதொரு ஆபீசருக்கு எழுதிய கடிதமாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஆபீசரே அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ராஜபாளையத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, மாசக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பழுப்புக் கவரைத் தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். தினமும் ஒரு தடவை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். எனக்கும் முகரக் கொடுப்பாள். கார்பன் மையும் பாச்சை உருண்டையும் கலந்த வாசம் வரும்.

மாமாவுக்கு அந்தக் கவர் பிடிக்கவில்லை. வேலை பார்க்கிற பெண் வேண்டாம் என்று அதற்குள் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாமா முடிவாகச் சொல்லிவிட்டார்: மூன்றாவதாக வருகிற ராஜபாளையத்து மாப்பிள்ளை ஒப்புக்கொண்டால் வேலை. அதுவும் தட்டிப்போனால் உத்தரவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியது, பிறகு வேலைப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது. சித்தி தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்?

"நேராக் கேட்டா எல்லாப் பயலும் வேலைக்குப் போகட்டும்னுதான் சொல்லுவான். பொறவு தாலி ஏறுனதும் மாத்திப் பேசுவான்" என்றார் மாமா. வக்கீல் ஆபீசில் தினம் பார்க்கிறவர், சொன்னது நியாயம்தான்.

"அப்ப நான் நேராக் கேக்கல அண்ணே. ஒரு படத்தைப் பத்திக் கேக்கேன். படத்தைப் பத்திப் பேசும்போது எவனும் யோசிச்சுப் பேச மாட்டான், மனசுல உள்ளது வந்து விழுந்துரும்" என்றாள் சித்தி.

மாமாவுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. குறுக்கு விசாரணை என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

அந்த வாரம் இரண்டு ஊரிலும் ஒரே படம் ஓடியது. புதுமுகங்கள் நடித்த புதுப் படம். பள்ளிக்கூட வேலைக்குப் போகும் ஒரு மனைவி, வேலையை விடச் சொல்லும் ஒரு கணவன். சித்தி கேட்க நினைத்ததற்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே பிலிம் பெட்டிதான். ராஜபாளையத்தில் ஓடி முடிந்த ரீல்களை இரண்டிரண்டாக ஒரு ஆள் மொபெட்டில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். அங்கே ஒரு மணி நேரம் முந்தி ஆரம்பிப்பார்கள், இங்கே பிந்தி. அவர் வர நேரமானால் திரையில் 'சிறிது நேரம் பொறுத்திருக்கவும்' என்று சிலைடு விழும். பொறுத்திருந்தவர்களை நான் பார்த்ததில்லை, விசில்தான் பறக்கும்.

முதல் நாளே அத்தையும் சித்தியும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். பெண்கள் பக்கத்து பெஞ்சில் மூட்டைப்பூச்சி. முன்னால் இருந்தவள் தலையில் வாடிய கனகாம்பரம், அவள் மடியில் அழுகிற குழந்தை, அதன் கையில் முறுக்கு. கதவு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து கிடக்கும். இதெல்லாம் இல்லாமல் இப்போது குளிர்சாதன அரங்கில் படம் பார்ப்பதை நான் படம் பார்த்த கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சரி, சண்டைக்கு வராதீர்கள், கதைக்கு வருகிறேன்.

கடைசியில் அந்த மனைவி ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள், ராஜினாமாக் கடிதம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கணவன் காலில் விழுந்தாள். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. உடனே படம் ஒரு குதி குதித்தது. திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடுகள். குத்துவிளக்கு, தாமரைப்பூ, சுற்றிலும் சுருள் சுருளாக அலங்காரம், நடுவில் 'சுபம்'. கலர் படத்தில் அது மட்டும் கறுப்பு வெள்ளை. நாதஸ்வரம் ஒரு நொடி அலறிவிட்டு நின்றது. விளக்கு போட்டார்கள்.

"எம்புட்டு அருமையான முடிவு!" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். பெஞ்சு முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தியும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து கொஞ்சம் அழுதேன்.

மூன்றாம் நாள் கோயிலில் பெண் பார்க்கும் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் இரண்டு வீட்டாரும் எதேச்சையாகச் சாமி கும்பிட வந்த மாதிரி வருவார்கள். பிரகாரத்தில் எதேச்சையாகச் சந்திப்பார்கள். எங்கள் கையில் எதேச்சையாக ஒரு கிலோ பால்கோவாவும் இருக்கும்.

மாப்பிள்ளை மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு, சட்டையில் புதுத்துணி மடிப்பு. அவருடைய அம்மாவும் அக்காவும் கூட வந்திருந்தார்கள். கும்பிட்டு உட்கார்ந்ததும் மாமா சினிமாவை ஆரம்பித்தார்.

"இப்ப வாரதெல்லாம் படமா தம்பி? மனுசன் வாயத் தொறந்து பேச மாட்டேங்கான். மூஞ்சியவே காட்டிட்டு இருக்கான். அந்தக் காலத்துல ஒரு வசனம் பேசுனா வெளிய நிக்குற குதிரை வண்டிக்காரனுக்குக் கேக்கும். சினிமா செத்துப் போச்சு!"

"பழசு நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி, நானும் விடாமப் பாக்குறவன்தான். ஆனா வாசல்ல வந்து நிக்குறவன் வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சிருதே?"

"பாட்டு இல்லாம என்ன தம்பி படம்?"

"பாட்டு வேணும். ஆனா அழுகைக்கு ஒண்ணு, சிரிப்புக்கு ஒண்ணு, குதிரையில போக ஒண்ணுன்னு எதுக்கு? இப்ப ஒருத்தன் சும்மா சன்னல் வழியாப் பாக்கான், நமக்குத் தொண்டைய அடைக்குது. அது பெருசில்லையா?"

மாமா விடுவாரா? வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது, அடுத்த வருஷம் தியேட்டரில் வைக்கோல்தான் அடைப்பார்கள் என்றார். டிவியில் படம் பார்க்கும்போது அம்மா காய் நறுக்கச் சொல்லுவாக, தியேட்டரில் யாரும் சொல்ல முடியாது, அதனால் தியேட்டர் சாகாது என்றார் மாப்பிள்ளை. அத்தை சிரித்தாள். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. தூணில் சாய்ந்திருந்த சித்தியின் விரல்கள் கல்லில் தாளம் போட்டன.

அவள் தலை குனிந்தபடியே கேட்டாள். "இப்ப ஓடுற படம் பாத்தீகளா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"எந்த இடம் பிடிச்சுது?"

"கடைசிதான். அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிட்டு வேலைக்குப் போயிருதுல்லா, பஸ்ஸுல ஏறி? திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு எந்திரிச்சு நின்னு கைதட்டணும்போல இருந்துச்சு. அதான் படமே."

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மாமாவின் முதுகு நேராகிவிட்டது, கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி மாட்டிக்கொண்டால் வக்கீலுக்கு ஆகிற மாதிரி.

"எந்தப் பொண்ணு தம்பி பெட்டியத் தூக்குச்சு?"

"அந்த டீச்சர்தான் அண்ணாச்சி."

"அவ புருசன் கால்ல விழுந்தா. சுபம் போட்டான். எங்க வீட்டுல மூணு பேரு பாத்திருக்காக."

"விழுந்ததுக்குப் பொறவுதான பெட்டியத் தூக்குது?"

"சுபத்துக்குப் பொறவா?"

"சுபமே போடலயே அண்ணாச்சி!"

"ஏன் தம்பி, படம் பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லிற வேண்டியதுதான? வேலைக்குப் போற பொண்ணுன்னு தெரிஞ்சதும் அதுக்கு ஏத்த மாதிரி ஒரு கதையக் கட்டுதீகளே. இது பொய்ச்சாட்சியில்லா?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்கள். "எம் மவனப் பொய்யன்னு சொன்ன வீட்டுல எங்களுக்கு என்ன பேச்சு? வாலே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், குழம்பிப்போன முகத்தோடு. யாரும் தொடாத பால்கோவாவை எறும்பு மொய்த்தது. அத்தை ஊதி ஊதி அதைத் திரும்பக் கட்டினாள்.

அன்று சாயங்காலம் சித்தி என் முதுகில் அடித்த கடிதம் வலித்தது. "சித்தி, மெல்ல" என்றேன்.

"ஏட்டி, பொய்யாவே இருக்கட்டும். இப்படியொரு பொய்ய எந்த ஆம்பள சொல்லுவான்?" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து கவரை எடுத்தாள். அன்றைக்கு அதை முகரவில்லை. மாமா கேட்டவுடன் கொடுப்பதற்குத் தோதாகச் சேலைக்கு மேலே வைத்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு கொடுக்க நான் ராஜபாளையம் போனேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். அதே படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தேன். அப்பாவுக்குத் தியேட்டர் என்றால் மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற இடம். பெயர்கள் ஓடும்போதே தலை சாய்ந்துவிட்டது.

அந்த மனைவி கடிதத்தோடு வந்தாள். காலில் விழுந்தாள். கணவன் சிரித்தான். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

"உக்காரு பாப்பா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர்.

படம் ஓடிக்கொண்டே இருந்தது! அவள் காலில் விழுந்தது மன்னிப்புக் கேட்டு இல்லை, விடைபெற்றுக்கொண்டு. கையில் இருந்தது ராஜினாமாக் கடிதமும் இல்லை, வேறு ஊரில் வேலைக்கு வந்த உத்தரவு. கட்டிலுக்கடியில் இருந்து பெட்டியை இழுத்தாள். தெருவில் நடந்தாள். பஸ்ஸில் ஏறினாள். ஒரு வசனம் இல்லை, ஒரு பாட்டு இல்லை. பஸ் போன பிறகு வெறும் புழுதி. அவ்வளவுதான். சுபம் போடவே இல்லை.

அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். "அப்பா, பாத்தீகளா? பெட்டியத் தூக்கிட்டுப் போனா, பாத்தீகளா?"

"பாத்தேன் தாயி. நல்ல படம்" என்றார் அப்பா, வாயைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றிக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடினேன். மாமா வீட்டில்தான் இருந்தார். கோடை விடுமுறையில் கோர்ட் இல்லை. அவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளும் அந்தப் பழுப்புக் கவரும் இருந்தன. உத்தரவைத் திருப்பி அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"கூட யாரு பாத்தா?"

"அப்பா."

"அவரு முழிச்சிருந்தாரா?"

பொய் எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்கிட்டாரு" என்றேன்.

"அப்பச் சாட்சி இல்ல" என்று மாமா பேனாவைத் திறந்தார்.

சித்தி உள்ளே போனாள். மூன்று நிமிடத்தில் வேறு சேலையில் வெளியே வந்தாள். "நான் ராஜபாளையத்துக்குப் போறேன்."

'போகட்டுமா அண்ணே' என்றுதான் அதுவரை அந்த வீட்டில் கேட்டிருக்கிறாள். மாமாவின் பேனா அப்படியே நின்றது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, படம் மாறிரும். பொறவு எந்தச் சாட்சியும் கெடைக்காது. நீங்க வந்தா வாங்க. இல்லைன்னா இவளக் கூட்டிட்டுப் போறேன்."

மாமா சட்டையை மாட்டினார். மணி நாலேகால். பஸ் கிடைத்தது, ஆனால் ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்த வண்டிகளில் ஒரு மொபெட். பின்னால் கயிற்றில் கட்டிய தகரப் பெட்டிகள்! நான் சன்னல் வழியாகக் கத்தினேன். மாமா பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"ஏ தம்பி! எத்தனாவது ரீலு?"

"பத்து, பதினொண்ணு!"

"அங்க இப்ப என்ன ஓடுது?"

"பன்னெண்டு!"

"மொத்தம் எத்தனை?"

ரயில் வந்துவிட்டது. அந்த ஆள் வாயால் சொன்னது கேட்கவில்லை. பத்து விரலைக் காட்டினார், பிறகு நான்கு. இன்னும் இரண்டு ரீல் பாக்கி, ஓடினால் கடைசியைப் பிடித்துவிடலாம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகச் சந்தேகத்தைவிட அவசரம் அதிகமாக இருந்தது.

பஸ் நிற்கும் முன்பே குதித்தோம். சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள், நான் அவள் பின்னால், மாமா இளைத்துக்கொண்டு கடைசியில். தியேட்டர் வாசலில் கேட்காரர் கதவைத் திறந்துவிடத் தயாராக நின்றிருந்தார்.

"மூணு டிக்கெட்" என்றார் மாமா.

"படம் முடியப் போகுது அண்ணாச்சி. எல்லாரும் வெளிய வார நேரத்துல உள்ள போறேங்கீகளே?"

"எங்களுக்குக் கடைசி ரீலு மட்டும் போதும். ஆனா முழு டிக்கெட் குடு. அத்தாட்சி வேணும்."

உள்ளே இருட்டு. சுவரோரமாக நின்றோம். அவள் காலில் விழுந்துகொண்டிருந்தாள். கணவன் சிரித்தான். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்துகிற அளவுக்கு. அடுத்த நொடி பெட்டி கட்டிலுக்கடியில் இருந்து வெளியே வந்தது. சித்தியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விளக்கு போட்டதும் மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இதெல்லாம் ஒரு முடிவா? சுபம்கூடப் போடல. சினிமா செத்துத்தான் போச்சு" என்றார். பிறகு டிக்கெட்டுகளைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "பய உண்மையத்தான் சொல்லியிருக்கான். அவிய வீடு எந்தத் தெரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று மூன்று டிக்கெட்டையும் நீட்டி, "கோர்ட்டுலயே மேல்கோர்ட்டுக்குப் போனா தீர்ப்பு மாறும். நானும் மாத்திக்கிடுதேன். தப்பு எம்மேலதான்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா செத்த நேரம் முறைத்தார்கள். பிறகு பாயை விரித்தார்கள்.

மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சித்தியிடம், "அந்தக் கடைசி இல்லாமப் பாத்தீகளே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"சுபம் போட்டதும் அழுகை வந்துச்சு. எல்லாரும் சந்தோசத்துல அழுதாக. நான் கோவத்துல அழுதேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுத எனக்கே அது தெரியாது.

மறுநாள் மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போனார், நானும் போனேன். படம் வந்த முதல் நாள் கடைசி ரீலோடு வந்த மொபெட் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். ஜனம் நாற்காலியை உடைக்கக் கிளம்பவும், ஏதோ பழைய படத்திலிருந்து தேறிய 'சுபம்' துண்டு ஒன்றை எடுத்து ஓட்டிவிட்டார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். "இதுவே நல்லாருக்கு, அந்தக் கடைசி ரீலு நம்ம ஊருக்கு வேண்டாம்" என்று மேனேஜர் வாரம் முழுக்க அப்படியே ஓட்டச் சொல்லிவிட்டாராம். அந்தத் துண்டில் நான்கு கட்டத்தை வெட்டி ஆபரேட்டர் எனக்குக் கொடுத்தார். வெயிலில் பிடித்தால் நான்கு சின்னக் குத்துவிளக்கு தெரியும். ஜாமெட்ரி பாக்ஸில் ரொம்ப நாள் வைத்திருந்தேன், எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

சித்தி மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வேலையில் சேர்ந்தாள். ஆவணியில் கல்யாணம். மாமாவும் சித்தப்பாவும் அதற்குப் பிறகு எத்தனையோ படங்களுக்குச் சண்டை போட்டார்கள், மாமா வருஷத்துக்கு ஒரு தடவை சினிமாவைச் சாகடித்தார். ஆனால் படத்தை ரசிப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டேதான் இருந்தது.

தொண்ணூறுகளில் சித்திக்குப் பதவி உயர்வு வந்தது, மதுரைக்கு. சித்தப்பாவுக்கு மில்லை விட முடியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை விட முடியாது. சனிக்கிழமைதோறும் வந்து போவதாக ஏற்பாடு. சித்தப்பா அந்த வாரம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. அவ்வளவுதானா இவரும் என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அவர் சாம்பார் வைக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் என் கையில். மாமாவும் வந்திருந்தார், எதுவும் பிடிக்காத முகத்தோடு. சித்தப்பா குனிந்து சித்தியின் பெட்டியைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது. "நான் உள்ள வச்சிட்டு வாரேன்" என்றார்.

சித்தி அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"குடுங்க இங்க. கடைசி ரீலக் கெடுக்காதீக."